தூக்கை வெறுமனே கொடுக்கலாமா?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 46 வயது. மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி வீடு. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கணவர் காலையில் கிளம்பினால் இரவுதான் வருவார். மகன் பிளஸ் டூ. நாத்தனார் பெங்களூரில் இருக்கிறார். தினமும் வீடியோ காலில் அம்மாவைப் பார்த்து அழுவார், அதோடு சரி.

'கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்லிப் பழகு, மனசு லேசாகும்' என்றாள் தோழி ஒருத்தி. ராத்திரி படுக்கும் முன் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுத வேண்டுமாம். நோட்டு வாங்கி எழுதினேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வீடு, சாப்பாடு, மகன் என்று அதே மூன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. இப்போது அதுவும் பாத்திரம் கழுவுவதுபோல இன்னொரு வேலை ஆகிவிட்டது.

போன வாரம் எனக்கு ஜுரம். எதிர் வீட்டு அக்கா மிளகு ரசமும் குழைய வடித்த சாதமும் கொண்டுவந்தார். 'நீ எழுந்திருக்காதே' என்று சொல்லி மாமியாருக்கும் அவரே ஊட்டிவிட்டுப் போனார். சந்தோஷம் வரவில்லை மேடம், பாரமாகத்தான் இருந்தது. ரசம் வந்த எவர்சில்வர் தூக்கு இன்னும் என் சமையல் மேடையில் இருக்கிறது. வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஏதாவது செய்து போட்டுத்தான் கொடுக்க வேண்டும். செய்யத் தெம்பில்லை. அவர் குரல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

வாசலில் வேப்பமரம் பூத்துக் கொட்டுகிறது. வருகிறவர்கள் எல்லாம் 'கொடுத்து வைத்தவள் நீ' என்கிறார்கள். எனக்குத் தெரிவதெல்லாம் பெருக்க வேண்டிய பால்கனிதான். என் மனசு மரத்துப்போய்விட்டதா? நான் நன்றி கெட்டவளா?

– ஒரு வாசகி, சென்னை-33

அன்புத் தோழி,

நன்றி கெட்டவர் அந்தத் தூக்கைப் பார்த்துச் சங்கடப்பட மாட்டார். கழுவி அலமாரியில் வைத்துவிட்டு மறந்திருப்பார். உங்களுக்கோ அது மிளகு ரசம் என்பதும், சாதம் குழைய வடித்தது என்பதும், அவர் சொன்ன வார்த்தையும்கூட நினைவிருக்கிறது. கவனிக்கிற மனசு நன்றாகவே வேலை செய்கிறது. வாங்கிக்கொள்வதில்தான் உங்களுக்குச் சிக்கல்.

ஒருவர் உதவும்போது மனசு நெகிழலாம், கடன்பட்டதுபோல இறுகவும் செய்யலாம். இந்த இரண்டும் வேறு வேறு. பிலிப் வாட்கின்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. உதவியவர் பதிலுக்கு எதிர்பார்க்கிறார் என்ற எண்ணம் கூடக் கூட, கடன் உணர்வு ஏறி நன்றி உணர்வு இறங்கியது. ஆனால் எதிர் வீட்டு அக்கா எதையுமே கேட்கவில்லையே? கணக்கு எழுதியது நீங்கள். இரண்டு வருடமாக எல்லோரும் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும்போது, யாராவது ஒன்று கொடுத்தால் அதுவும் பற்று எழுத வேண்டிய வரவாகத்தான் தெரியும்.

நோட்டை மூடி வையுங்கள். இந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கிய எம்மன்ஸ், மெக்கல்லோ ஆய்விலேயே (2003) ஒரு பிரிவினர் வாரத்துக்கு ஒருமுறைதான் எழுதினார்கள். பின்னால் சோன்யா லியுபோமிர்ஸ்கியின் குழு ஆறு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. எழுத ஆசை வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒன்று போதும். 'சாப்பாடு' என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். யார், எப்போது, என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

வேப்பம்பூ விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 'கொடுத்து வைத்தவள்' என்று சொல்கிறவர்கள் யாரும் துடைப்பத்தோடு வருவதில்லை. அதை ரசித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வேலை வைக்காத ஒன்றைப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு அப்படி வாய்த்தது கடற்காற்று. வெயில் ஏற ஏறத் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. தரைமேல் இருக்கும் காற்று மேலே எழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று ஊருக்குள் நுழைகிறது. மெரினாவைத் தொட்டுவிட்டு மாம்பலம் வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மேற்கிலிருந்து அனல் காற்று பலமாக வீசும் நாளில் தாமதமாகும், சில நாள் வராமலே ஏய்த்துவிடும். புண் வராமல் இருக்க மாமியாரை மணிக்கணக்கு வைத்துத் திருப்பிப் படுக்க வைப்பீர்களே, பிற்பகலில் அப்படித் திருப்பும்போது கிழக்கு ஜன்னல் திரை உள்பக்கமாக உப்புகிறதா என்று பாருங்கள். வேர்த்த கழுத்தில் அது படும்போது கையிலிருப்பதை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். 'காத்து வந்துடுச்சு அத்தை' என்று அவரிடமும் சொல்லுங்கள், பேச முடியாவிட்டாலும் தோலுக்குத் தெரியும். யாருக்கும் எதையும் திருப்பித் தர வேண்டாம். வாங்கிப் பழக அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்து அந்தத் தூக்கு. வெறுமனே கொண்டுபோய்க் கொடுங்கள். மனசு கேட்காவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுங்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் அவசரத்துக்குச் செய்வதுதான். 'அன்னிக்கு நீங்க அத்தைக்கு ஊட்டினதாலதான் நான் ஒரு மணி நேரம் கண்ணை மூடினேன் அக்கா' என்று மட்டும் சொல்லுங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும் என்று தயங்குவீர்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெற்றவர்களின் சந்தோஷம் அதிகமாகவும், சங்கடம் குறைவாகவும் இருந்தது.

ஆனால் ஒன்று. நன்றி உணர்வு உங்கள் இடுப்பு வலியைக் குறைக்காது. உங்கள் தோழி நல்லெண்ணத்தில் சொன்னாலும், நியாயமான குறையை மூடி மறைக்க இந்தப் பயிற்சியைப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஞாயிறு காலை முழுவதும் அம்மாவின் பொறுப்பு கணவருடையது என்று பேசி முடிவு செய்யுங்கள். நாத்தனாரிடம், பகலில் சில மணி நேரம் ஓர் ஆயா வைக்கப் பணம் தரும்படி நேராகக் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சிகிச்சையும் உண்டு. பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தூக்கம், பசி இரண்டும் கெட்டு, எதிலுமே பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால் அது சோர்வு மட்டும் அல்ல, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.