பேக்கப் நேரத்தில் பில்லிங் மென்பொருள் நின்றுபோகிறது: ரேம் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருள் ஜாவாவில் எழுதியது. ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேரில், ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியில் ஓடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதிகாலை பேக்கப் ஓடும்போது நின்றுவிடுகிறது. லாகில் 'டைம்அவுட் வேல்யூ இஸ் நெகட்டிவ்' என்று இருக்கிறது. சர்வரைப் பராமரிப்பவர் ரேமை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ரேம் தீர்ந்திருந்தால் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருக்கும். உங்களுடையது கடிகாரக் கோளாறு.

பேக்கப் ஓடும்போது மெய்நிகர் கணினியின் அந்த நேர நிலையை அப்படியே பதிந்துவைப்பார்கள்; அதுதான் ஸ்னாப்ஷாட். அதை எடுக்கும்போது மெய்நிகர் கணினி சில விநாடிகள் உறைந்து நிற்கும். உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு அது தெரியாது. மறுபடி ஓடத் தொடங்கியதும், அதற்குள் நிறுவியிருக்கும் விஎம்வேரின் துணை மென்பொருளான விஎம்வேர் டூல்ஸ் கடிகாரத்தை ஒரே தள்ளாக முன்னே நகர்த்தும். உங்கள் நிரல் 2:10:00 மணிக்கு ஒரு வேலையைக் குறித்து வைத்துக்கொண்டு, அதுவரை எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போடுகிறது. அதற்குள் கடிகாரம் 2:10:04 ஆகிவிட்டது. விடை மைனஸ் 4. ஜாவாவில் தூங்கவைக்கும் கட்டளையான ஸ்லீப்புக்கு மைனஸ் எண்ணைக் கொடுத்தால் நீங்கள் பார்த்த அதே வரியோடு பிழையை வீசும். அதைக் கையாள நிரலில் வழி இல்லையென்றால் அந்த த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத் தொடர்) அங்கேயே செத்துவிடும்.

உறுதிசெய்ய, லினக்ஸில் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்துவைக்கும் மென்பொருளான க்ரோனியின் லாகில் அதே நிமிடத்தைப் பாருங்கள். 'ஃபார்வர்ட் டைம் ஜம்ப் டிடெக்டட்' என்று இருந்தால் சந்தேகமே இல்லை. நிரலாளரிடம் இரண்டு லாகையும் காட்டி, இடைவெளியைக் கணக்கிட, கடிகார நேரத்தைத் தரும் கரண்ட்டைம்மில்லிஸுக்குப் பதிலாக, கடிகாரத்தைத் திருத்தினாலும் குதிக்காத நானோடைம் பயன்படுத்தச் சொல்லுங்கள். மைனஸ் வந்தால் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். சில வரி வேலைதான்.

இன்னொரு ஆளும் வருவார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடி நேரத்தைத் திருத்தும் க்ரான் வேலையைப் போட்டுவிட்டு, சரிசெய்துவிட்டேன் என்று பில் நீட்டுவார். தயவுசெய்து விடாதீர்கள். ராத்திரி ஒருமுறை நடந்த குதிப்பு பகலிலும் நடக்கத் தொடங்கும். நேரத்தைப் பார்த்துக்கொள்ள க்ரோனி ஒன்றே போதும். டூல்ஸின் நேர ஒத்திசைவை நிறுத்திவிடுங்கள். அதிலும் ஒரு கண்ணி: அவ்வப்போது நடக்கும் ஒத்திசைவை அணைத்தாலும், ஸ்னாப்ஷாட்டின்போதும் மீண்டெழும்போதும் நடக்கும் ஒருமுறைத் திருத்தம் தனியாக ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தனி அமைப்பில் அணைக்க வேண்டும். விஎம்வேர் பல ஆண்டுகள் இதைக் கண்ணில் படும்படி வைக்காமல் இருந்தது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

சரி, இதையும் அணைத்துவிட்டால் ஒன்றை மறக்கக் கூடாது. என்றாவது கணினியின் நினைவகத்தோடு சேர்த்து எடுத்த பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், கடிகாரம் மணிக்கணக்கில் பின்தங்கி நிற்கும். அப்போது கடிகாரத்தைச் சற்று வேகமாக ஓட்டி மெல்லத் திருத்துவது உதவாது. என்டிபிடி என்ற இன்னொரு நேர மென்பொருள் அப்படித் திருத்தும்போது நொடிக்கு அதிகபட்சம் 0.5 மில்லிவிநாடிதான் இழுக்கும். ஒரு விநாடியைச் சரிக்கட்ட 2,000 விநாடி, ஒரு மணி நேரத்துக்கு 83 நாள்! க்ரோனியிலும் வழக்கமான அமைப்பில் ஒரேயடியாக மாற்றும் அனுமதி, அது தொடங்கியபின் வரும் முதல் மூன்று திருத்தங்களுக்கு மட்டும்தான். எனவே முதலில் பில்லிங்கை நிறுத்துங்கள். க்ரோனியை மறுபடி தொடங்கி, நேரம் சரியானதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அப்புறம் பில்லிங்கைத் தொடங்குங்கள். வரிசை மாறினால் பில்களில் பழைய தேதி விழும்.