அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. நான் மரபணு சோதனை செய்துகொள்ள வேண்டுமா?

கேள்வி: வயது 53. மாதவிடாய் நின்று மூன்று வருடமாகிறது. ஒல்லியான உடம்பு. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையானார். எச்சில் மாதிரி அனுப்பினால் எலும்பு முறியும் ஆபத்தைச் சொல்லும் மரபணு சோதனை இருப்பதாக மகள் சொல்கிறாள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுங்கள்.

எலும்பின் அடர்த்தியில் பாதிக்கு மேல் பரம்பரைதான் தீர்மானிக்கிறது, அது உண்மை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் செல்களில் வேலை செய்யத் தேவையான ஏற்பியின் மரபணு அடியோடு பழுதான ஓர் இளைஞரைப் பற்றி 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். 28 வயது, 204 செ.மீ. உயரம், எலும்பு வளர்ச்சி நிற்கவே இல்லை, ஆனால் அடர்த்தி மிகக் குறைவு. ஆணுக்கும் எலும்பு உறுதிப்பட ஈஸ்ட்ரோஜன் வேண்டும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. இப்படிப்பட்ட பழுது மிக மிக அரிது. நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பவை நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும் அல்லது குறைக்கும். அவற்றின் மொத்த விளைவு ஏற்கெனவே உங்கள் கண்முன் இருக்கிறது: அம்மாவின் முறிவு. எலும்பு முறிவு ஆபத்தைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃப்ராக்ஸ் கணிப்பில் 'பெற்றோருக்கு இடுப்பு முறிவு உண்டா?' என்று தனியாகவே ஒரு கேள்வி உண்டு. அதில் 'ஆம்' போட்டாலே ஆபத்து ஏறிவிடும்.

அடுத்தது ஹார்மோன். எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். சினைப்பை ஓய்ந்த பிறகு, அட்ரினல் சுரப்பி தரும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைக் கொழுப்புத் திசுதான் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தருகிறது. ஒல்லியானவர்களுக்கு அந்த வரவும் குறைவு. 65 வயதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகையான எஸ்ட்ராடியால் ரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போனவர்களுக்கு இடுப்பு, முதுகெலும்பு முறியும் ஆபத்து மற்றவர்களைப்போல் இரண்டரை மடங்கு இருந்தது. அதற்காக எஸ்ட்ராடியால் ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். இவ்வளவு குறைந்த அளவைச் சாதாரண லேப் கருவிகள் சரியாக அளக்காது.

டெக்சாவுக்குப் பத்து நிமிடம் போதும், ஊசி கிடையாது. ரிப்போர்ட்டில் டி-ஸ்கோரைப் பாருங்கள், உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினருடையதோடு ஒப்பிடும் எண் அது: -1 வரை இயல்பு, -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்). இடைப்பட்டதாக வந்தால் ஃப்ராக்ஸ் கணிப்பை வைத்து மருத்துவர் முடிவெடுப்பார். கூடவே வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

உடல் சூடேறி வியர்த்துக் கொட்டும் தொந்தரவும் இருந்தால், ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேச இதுதான் நேரம். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்ற பத்து வருடத்துக்குள் தொடங்குவதே நல்லது. மார்பகப் புற்றுநோயோ ரத்தம் உறைந்த சிக்கலோ வந்தவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

அப்புறம் ஒன்று. முதுகெலும்பில் தேய்மானம் இருந்தால் அங்கே டி-ஸ்கோர் உண்மையைவிட நன்றாகக் காட்டும். முதுகு எண் நன்றாக இருக்கிறதே என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாமல், இடுப்பு எண்ணையும் மருத்துவரிடம் கேளுங்கள்.