கேமரா கேள்வி பதில்: குளிரைவிட அறைச்சூட்டுக்குப் பயப்படுங்கள்

கேள்வி: பனி கொட்டும் ஊருக்குப் போகிறேன். மைனஸ் 15 டிகிரி வரை இறங்குமாம். கேமரா கையேட்டில் 0 முதல் 40 டிகிரி என்றுதான் போட்டிருக்கிறது. எடுத்துப் போகலாமா? அறைக்கு வந்ததும் ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சூடாக்கினால் போதுமா?

பதில்: தாராளமாக எடுத்துப் போங்கள். கையேட்டில் இருப்பது தயாரிப்பாளர் பொறுப்பேற்கும் எல்லை. அதற்குக் கீழே போனதுமே கேமரா நின்றுவிடாது. அந்தக் குளிரில் நானும் படம் எடுத்திருக்கிறேன். பின்திரை கொஞ்சம் மந்தமாகும், பேட்டரி சீக்கிரம் தளரும், அவ்வளவுதான். ஆனால் ஹீட்டர் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். எனக்குக் கவலையே நீங்கள் திரும்பி அறைக்குள் நுழையும் அந்த நேரத்தைப் பற்றித்தான்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மேல் முத்து முத்தாக நீர் பூக்குமே, அதேதான் கேமராவுக்கும் நடக்கும். வெளியே படிவதைத் துடைத்துவிடலாம். லென்ஸுக்குள்ளும் சர்க்யூட் போர்டிலும் படிவதை எப்படித் துடைப்பது? உலோகம் அரிக்கும், ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

அதனால் கதவைத் திறப்பதற்கு முன்பே, வெளியில் நின்றபடி, கேமராவை அணைத்து பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். கேமராவை ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி இறுக மூடுங்கள். அப்புறம் உள்ளே போய், ஹீட்டரிலிருந்து தள்ளி ஒரு மூலையில் வையுங்கள். 2 மணி நேரமாவது கிடக்கட்டும். பெரிய லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலாக. நீர் பையின் மேல் படியும், கேமரா தப்பிக்கும். கார்டு கையில் இருந்தால் படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறக்க மாட்டீர்கள். இதற்காகவே கார்டை முதலில் எடுக்கச் சொல்கிறேன்.

கேமராவைக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்குவதும் வேண்டாம். உடம்பின் ஈரம் அதன் மேல் படிந்து, வெளியே எடுத்ததும் உறைந்துவிடும். கோட்டுக்குள் இருக்க வேண்டியவை உபரி பேட்டரிகள். குளிரில் பேட்டரியின் உள் மின்தடை கூடி மின்னழுத்தம் சரியும். சார்ஜ் மிச்சமிருக்கும்போதே கேமரா அணைந்துவிடும். அந்த பேட்டரியைத் தூக்கிப் போடாமல் உள்பையில் வைத்துச் சூடேற்றினால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும்.

இதை மட்டும் மறக்காதீர்கள்: சில்லிட்ட பேட்டரியை உடனே சார்ஜரில் போடக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் அயன் பேட்டரியை சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு. அறைச்சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்கள்.

லென்ஸில் விழுந்த பனித்துகளை வாயால் ஊதாதீர்கள், மூச்சு அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். உலோக ட்ரைபாடை வெறுங்கையால் பிடிக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளைப் பனியை எடுத்தால் படத்தில் சாம்பலாக வருகிறதே, குளிரால் சென்சார் பாதிக்கப்பட்டதா?

பதில்: இல்லை. காட்சி முழுக்க வெளுப்பாக இருந்தால், கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் அதை நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 முதல் +2 வரை ஏற்றி, ஹிஸ்டோகிராமை (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.