லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ: திரைக்கு வெளியே வந்ததும் ஜாக் ஸ்லேட்டருக்கு ஏன் அடிபடுகிறது?

இந்தப் படத்துக்குள் ஓடும் இன்னொரு படத்தின் நாயகன் ஸ்லேட்டர். அங்கே எத்தனை குண்டு பாய்ந்தாலும் எழுந்துவிடுகிறவன், திரையை விட்டு நிஜ நியூயார்க்குக்கு வந்ததும் ஒரே குண்டில் சாகக் கிடப்பது ஏன் என்பது கேள்வி. இது திரைக்கதை ஓட்டை அல்ல. 1993இல் ஜான் மெக்டியர்னன் இயக்கிய இந்தப் படம் நிற்பதே அந்த விதியின் மேல்தான்.

நாயகன் எந்த உலகில் இருக்கிறானோ அந்த உலகின் சட்டம்தான் அவன் உடம்புக்கும். ஆக்‌ஷன் படத்தில் நாயகனுக்குப் படுவது எல்லாமே சதைக்காயம். அங்கே எல்லா தொலைபேசி எண்களும் 555 என்றே தொடங்கும். மீதி நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் எண்களுக்கு மேல் வராதே, இத்தனை பெரிய ஊருக்கு எப்படிப் போதும் என்று, மாய டிக்கெட் ஒன்றால் நிஜ உலகிலிருந்து அந்தப் படத்துக்குள் போய்விட்ட சிறுவன் டேனி மடக்குவான். அதற்குத்தானே ஏரியா கோடு என்று ஸ்லேட்டர் சமாளித்துவிடுவான்!

நிஜ உலகில் கார் கண்ணாடியைக் குத்தினால் கை வலிக்கிறது. அதே டிக்கெட்டால் திரைக்கு வெளியே வந்துவிட்ட வில்லன் பெனடிக்ட் இதை வேறு பக்கமாகப் பிடிக்கிறான். தெருவில் ஒருவனைச் சுட்டுவிட்டு உரக்கச் சொல்லியும் போலீஸ் வரவில்லை. இங்கே கெட்டவனும் ஜெயிக்கலாம் என்று புரிந்துகொள்கிறான். படத்தின் மிகக் கூர்மையான இடம் அதுதான்.

மாய டிக்கெட்டைக் கிழித்தபோது ஒரு பாதி தியேட்டர் பெட்டிக்குள் விழுந்தது. முடிவில் டேனி அதைத் தேடி எடுத்து ஸ்லேட்டரைத் திரைக்குள் சேர்த்ததும், உயிர்போகும் காயம் மறுபடி சதைக்காயம் ஆகிவிடுகிறது.