எள்ளுப்பாட்டி இங்கிலாந்தில் வீட்டு வேலை பார்த்தவரா? கேள்வி பதில்

விக்டோரியா காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, இங்கிலாந்தில் வீட்டு வேலை பார்த்த பெண்களைத் தங்கள் குடும்ப வரலாற்றில் தேடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இந்தப் பழைய பதிவேடுகளோடு பல வருடப் பழக்கம் உண்டு என்பதால் பதில் எழுதுகிறேன்.

கணவரின் எள்ளுப்பாட்டி 1881 சென்சஸில் லீட்ஸ் நகரில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டில் வேலைக்காரி என்று இருக்கிறார். வீட்டில் வேறு வேலையாளே இல்லை. தவறான ஆளைப் பிடித்துவிட்டோமா?

இல்லைங்க, அப்படித்தான் இருக்கும். மாளிகை, பட்லர், வரிசையாக நிற்கும் பணிப்பெண்கள் என்று எதிர்பார்த்துத் தேடுகிறோம், ஆனால் நிறையப் பேர் சின்னக் குடும்பங்களில் ஒற்றை ஆளாக எல்லா வேலையும் பார்த்தவர்கள். விடியுமுன் எழுந்து கணப்பில் கிடக்கும் முந்தின நாள் சாம்பலை அள்ளி, அதன் இரும்புச் சட்டத்துக்குக் கருப்பு மை தேய்த்துப் பளபளப்பாக்கி, தீ மூட்டி, வாசற்படியை மண்டி போட்டுத் தேய்த்து முடித்த பிறகுதான் வீட்டாருக்குக் காலை உணவு. குளிக்க வெந்நீரை மாடிக்குச் சுமக்க வேண்டும், அழுக்குத் தண்ணீரைத் திரும்பக் கீழே கொண்டுவர வேண்டும். முழங்கால் முட்டி நீர் கோத்து வீங்குவது இந்த வேலையோடு வந்த நோய். 1833இல் ஷ்ராப்ஷயரில் பிறந்த ஹன்னா கல்விக் இதே வேலை பார்த்துக்கொண்டே தினமும் என்ன செய்தேன் என்று நாட்குறிப்பு எழுதினார். அவை கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. உங்கள் பாட்டியின் ஒரு நாள் எப்படிப் போயிருக்கும் என்று அறிய அதைவிட நெருக்கமான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

சம்பளம் எவ்வளவு இருந்திருக்கும்?

இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட இல்லப் பராமரிப்பு நூலில் ஒரு பட்டியல் உண்டு. ஒற்றை ஆளாக வேலை பார்க்கும் பெண்ணுக்கு வருடத்துக்கு 9 முதல் 14 பவுண்டு. டீ, சர்க்கரை, பீர் செலவை வீட்டுக்காரரே ஏற்றால் ஏழரை முதல் 11. பட்லருக்கு 25 முதல் 50. சாப்பாடும் படுக்க இடமும் உண்டு, ஆனால் காலையில் போடும் சீட்டித் துணி கவுன், மதியத்துக்குக் கருப்பு கவுன், வெள்ளை ஏப்ரன், தொப்பி எல்லாம் பெரும்பாலும் அவள் கைக்காசு.

ஆண்களை ஏன் அதிகம் காணோம்?

பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. அதோடு ஆண் வேலையாள் வைத்தால் 1777 முதல் 1937 வரை வரி கட்ட வேண்டியிருந்தது.

1861 சென்சஸில் வயது 19, 1871 சென்சஸில் 26. பிறந்த ஊரும் மாறியிருக்கிறது. ஒரே ஆள்தானா?

ஒரே ஆளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. படிவத்தை நிரப்பியது குடும்பத் தலைவர். வேலைக்காரப் பெண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எதுவோ அதுதான் தாளில் ஏறியது. வேலை கிடைக்க வயதைக் கூட்டிச் சொன்ன சிறுமிகளும் உண்டு. எஜமானியின் மகளுக்கும் அதே பெயர் என்றால் வேலைக்காரியின் பெயரை மாற்றிக் கூப்பிட்ட வீடுகளும் உண்டு. 1841 சென்சஸில் இன்னும் சிரமம். அதில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அதனால் பிறப்புப் பதிவையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்த்து, பெற்றோர் வீட்டிலிருந்து முன்னோக்கி வாருங்கள்.

வேலையில் இருந்தபோது கல்யாணம் ஆகாமல் குழந்தை. சான்றிதழில் அப்பா பெயர் காலி. வீட்டு முதலாளிதானே?

அவசரப்படாதீர்கள். முதலாளியாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக் குதிரைக்காரனாகவும் இருக்கலாம். 1875க்குப் பிறகு, மணமாகாத தாயின் குழந்தை என்றால் தகப்பனும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவன் பெயர் ஏறும், அதனால் காலி இடம் எதையும் நிரூபிக்காது. 1834 ஏழைகள் சட்டம் குழந்தையின் பாரத்தைத் தாயின் தலையில் கட்டியது, இன்று படித்தாலும் கோபம் வரும். 1844 முதல் அவள் மாஜிஸ்ட்ரேட்டிடம் போய்த் தகப்பனிடம் பணம் கேட்க முடிந்தது. அந்த நீதிமன்றப் பதிவுகள் பிழைத்திருந்தால் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும், உள்ளூர்ச் செய்தித்தாளிலும் வழக்கு வந்திருக்கலாம். குழந்தையின் நடுப்பெயரையும் கவனியுங்கள், சில தாய்மார்கள் தகப்பனின் குடும்பப் பெயரை அங்கே வைத்தார்கள்.

எங்கள் கொள்ளுப்பாட்டியின் அம்மா சென்னையிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு ஆயாவாக லண்டன் போனாராம். தடம் கிடைக்குமா?

கிடைக்கலாம் அக்கா, ஆனால் அவர் பெயரை வைத்து ஆரம்பிக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியல் 1878 முதல் லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. பல பட்டியல்களில் துரைசானியின் பெயரை எழுதி, அடுத்து வெறுமனே 'ஆயா' என்று போட்டு முடித்துவிட்டார்கள். கடல் முழுக்க அந்தக் குழந்தைகளைத் தூக்கிச் சுமந்தவருக்கு ஒரு பெயர் எழுத மனம் வரவில்லை. அதனால் அந்தக் குடும்பத்தின் பெயர்தான் முதலில் வேண்டும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே கேளுங்கள். அப்புறம், ஊர் திரும்ப வழியில்லாமல் விடப்பட்ட ஆயாக்கள் தங்க லண்டனில் ஒரு இல்லம் இருந்தது. முதலில் ஆல்ட்கேட், 1900 முதல் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை, எண் 26. 2022இல் அங்கே, வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களுக்கு வைக்கும் நீல நிற நினைவுப் பலகை வைத்தார்கள். 1901, 1911 சென்சஸில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

வயதான பிறகு என்ன ஆனார்கள்?

சிலரை எஜமானர் குடும்பம் கடைசிவரை வைத்துக் காப்பாற்றியது. பலருக்கு அண்ணன் தம்பி வீடு, அதுவும் இல்லையென்றால் ஒர்க்ஹவுஸ், அதாவது ஆதரவற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதி. முதியோர் ஓய்வூதியம் 1909 ஜனவரியில்தான் வந்தது, அதுவும் 70 வயதானவர்களுக்கு. எனவே 1891, 1901 சென்சஸில் ஆள் காணாமல் போனால், அவர் கடைசியாக வேலை பார்த்த பகுதியின் ஒர்க்ஹவுஸ் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடுங்கள்.