தண்ணீரைத் தண்ணீராக

கேள்வி: என் கணவர் ஷேவ் செய்து முடிக்கும் வரை குழாயைத் திறந்தே வைத்திருக்கிறார். கேட்டால், "பூமியில் முக்கால்வாசி தண்ணீர்தானே?" என்கிறார். இப்படித் தண்ணீரைத் தண்ணீராகச் செலவழித்தால், உலகத்தில் இருக்கிற நல்ல தண்ணீர் இன்னும் எத்தனை வருடத்துக்கு வரும்? (பெயர் போட வேண்டாம். அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்.)
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தண்ணீரைத் தண்ணீராகச் செலவழிப்பது! இந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு ஒரு வருடச் சந்தா இலவசமாகத் தரலாம். மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான் என்று முதலில் சொன்ன ஆள் நிச்சயம் உங்கள் டெல்டாக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்றைக்குப் படித்துறையில் உட்கார்ந்து சொல்லியிருப்பார். ராமநாதபுரத்துக்காரர் சொல்லியிருந்தால் அர்த்தமே வேறு. அங்கே ஒருவன் பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான் என்றால், எச்சில் தொட்டு எண்ணி எண்ணிக் கொடுக்கிறான் என்று பொருள். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்' என்று நம் அதிகாரிகள் மிரட்டுகிற அதே மொழியில் இந்தப் பழமொழியும் எப்படிக் குடியிருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாளாக ஆச்சரியம்.

(இங்கே ஒரு சின்ன நிறுத்தம். 'தண்ணீர் என்றாலே தண்மையான நீர், ஆகவே சுடுதண்ணீர் என்று எழுதுவது பிழை, வெந்நீர் என்க' என்று ஒன்பது வருடமாக எனக்குக் கார்டு போடும் புலவர் ஒருவர் இருக்கிறார். ஐயா, போன மாதம் எனக்கு நெஞ்சுச்சளி. நான் குடித்தது சுடுதண்ணீர்தான். சளி போய்விட்டது. இலக்கணம் அப்படியே இருக்கிறது. அடுத்த கார்டை எதிர்பார்க்கிறேன்.)

சரி, உங்கள் கணவர். அவருடைய 'முக்கால்வாசி' பூமியின் மேற்பரப்புக்குச் சரியான கணக்குதான். ஆனால் அதை வைத்து ஷேவ் செய்ய முடியாது. மொத்தத் தண்ணீரில் 97 சதவீதத்துக்கு மேல் உப்பு. மிச்சம் இருக்கிற நல்ல தண்ணீரிலும் மூன்றில் இரண்டு பங்கு பனியாக உறைந்து கிடக்கிறது. பெரும்பாலான பாக்கி நிலத்துக்கடியில். ஆறு, ஏரி என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நல்ல தண்ணீரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் அம்மா இந்தப் புள்ளிவிவரம் தெரியாமலே அதன்படி குடும்பம் நடத்தினாள். வீட்டில் உப்புத்தண்ணிக் கிணறு, தெருக்கோடியில் நல்ல தண்ணிக் குழாய். நல்ல தண்ணிக் குடத்தில் கை விட்டு மொள்ளக் கூடாது. நீளக் காம்பு வைத்த அகப்பைதான். அரிசியை முதல் இரண்டு தடவை உப்புத்தண்ணியில் களைந்து, மூன்றாவதாகத்தான் நல்ல தண்ணி. களைந்ததெல்லாம் கழனித் தொட்டிக்கு, அங்கிருந்து மாட்டுக்கு. மாடு குடித்துவிட்டு எங்களைப் பார்க்கும் பார்வையில் நன்றியெல்லாம் இருக்காது. உப்புக் கரித்திருக்கும்.

'எத்தனை வருடத்துக்கு வரும்' என்பதற்குப் பதில்: மழைத் தண்ணீர் தீராது, திரும்பி வரும். திரும்பி வராத தண்ணீர் ஒன்று இருக்கிறது. அதைத் தண்ணீராகச் செலவழித்தவர்களைக் கேட்டால் உங்கள் கணவரைக் கும்பிடுவீர்கள்.

சவுதி அரேபியாவில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. 1973இல் அவர்கள் எண்ணெயை நிறுத்தி உலகத்தை ஆட்டிவைத்தார்கள். அப்புறம்தான், பதிலுக்கு யாராவது நமக்குக் கோதுமையை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பிடித்தது. நாமே விளைவிப்போம் என்று பாலைவனத்தில் ஆழக் கிணறுகள் தோண்டினார்கள். கீழே இருந்தது பல்லாயிரம் வருடங்களுக்கு முன், அந்தப் பக்கம் மழை பெய்த காலத்தில் இறங்கிய தண்ணீர். எடுத்தால் எடுத்ததுதான். அதை ராட்சதக் குழாய்களைச் சுழலவிட்டுத் தெளித்தார்கள். விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் மணலுக்கு நடுவே பச்சைப் பச்சையாக வட்டங்கள், தோசைக்கல் அடுக்கியது போல. விளைந்த கோதுமையை அரசாங்கம் உலகச் சந்தை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கியது. 1990களின் தொடக்கத்தில் சவுதி, கோதுமை ஏற்றுமதியில் உலகின் ஆறாவது நாடு! பணத்தைத் தண்ணீராகச் செலவழித்துத் தண்ணீரைத் தண்ணீராகச் செலவழித்தார்கள், அம்மா. உங்கள் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2008இல் போதும் என்று முடிவெடுத்து, 2016 வாக்கில் உள்நாட்டுக் கோதுமை வாங்குவதை நிறுத்தினார்கள். ஆனால் மாடுகள் இருந்தன. சவுதியின் பெரிய பால் கம்பெனி அல்மராய், 2014இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஏறக்குறைய பத்தாயிரம் ஏக்கர் வாங்கி, குதிரை மசால் போட்டது. (சாப்பாட்டு ராமன்கள் அவசரப்பட வேண்டாம், அது தீவனப் பயிர்.) அதை வெட்டி, காயவைத்து, கட்டுக் கட்டாகக் கப்பலில் ஏற்றி, சவுதி மாடுகளுக்கு. அரிசோனா என்ன, மலைச்சாரலா? அதுவும் பாலைவனம்தான். இது போதாதென்று மாநில அரசின் நிலமும் குத்தகைக்கு, ஏக்கருக்கு வருடம் சுமார் 25 டாலர். இறைக்கும் தண்ணீருக்குக் காசும் இல்லை, மீட்டரும் இல்லை.

இதற்கு டோனி ஆலன் என்ற லண்டன் பேராசிரியர் ஒரு பெயர் வைத்தார், தமிழில் 'மறைநீர்' என்கிறோம். மூட்டைக்குள் மறைந்து ஊர் தாண்டும் தண்ணீர். ஒரு கிலோ கோதுமைக்கு உலக சராசரியாகச் சுமார் 1,800 லிட்டர். குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் ஷேவ் செய்தால் ஐம்பது லிட்டர் போகும் என்று வையுங்கள். கணக்குப்படி ஒரு சப்பாத்திக்கு ஆகும். ஷேவ் முடித்துவிட்டு அவர் குடிக்கிற காபிக்கோ பாலும் சர்க்கரையும் சேர்க்காமலே சுமார் 130 லிட்டர். உலகத்தில் ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கும் தண்ணீரில் 70 சதவீதம் வயலுக்குத்தான் போகிறது. வீட்டுக் குழாய் கடைக்குட்டி.

அதற்காக அவரை விட்டுவிடச் சொல்லவில்லை. சப்பாத்திக் கணக்கில் பாதிக்கு மேல் வயலில் பெய்த மழை. உங்கள் குழாயில் வருவது இறைத்து, சுத்தம் செய்து, மின்சாரம் போட்டு மேலே ஏற்றியது.

அரிசோனா விஷயத்தில் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. சவுதிக்காரன் தண்ணீரைக் கொள்ளையடிக்கிறான் என்று அங்கே பெரிய கூச்சல். அரிசோனாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றை அதிகம் குடிப்பதே மாட்டுத் தீவனப் பயிர்கள்தான். அந்த ஆறு பெரும்பாலான வருடங்களில் கடலைப் பார்ப்பதே இல்லை. சவுதி மாடு தின்றால் கொள்ளை, கலிஃபோர்னியா மாடு தின்றால் விவசாயமா?

ஆனாலும் 2023 அக்டோபரில் அரிசோனா கவர்னர் கேட்டி ஹாப்ஸ் ஒரு குத்தகையை ரத்து செய்தார், மற்ற மூன்றைப் புதுப்பிக்க மாட்டேன் என்றார். பேசிப் பார்த்தும் கேட்கவில்லை என்றால் நீங்களும் அந்த வழியைப் பார்க்கலாம். மொட்டைமாடியில் தொட்டிக்குக் கீழே ஒரு வால்வு இருக்கும். முகத்தில் நுரை போட்டு முடித்த பிறகு மூடவும்.