பிரெஸ்ட் இம்ப்ளான்ட், அதாவது மார்புக்குள்ள வைக்கிற செயற்கைப் பை, வச்சவங்க எதுக்கு மறுபடி ஆபரேஷன் பண்ணிக்கிறாங்க?

சைஸ் பிடிக்கலன்னு மாத்திக்கிறவங்க இருக்காங்க, அது அவங்க இஷ்டம். ஆனா எங்க அக்கா மாதிரி வலி தாங்காம போறவங்களும் நிறைய பேர், அதைப் பத்தி யாரும் வாய் திறக்கறதில்ல. அக்காவுக்கு கேன்சர் வந்து ஒரு பக்க மார்பை எடுத்துட்டு அங்க இம்ப்ளான்ட் வச்சாங்க, அப்புறம் ரேடியேஷன்.

உள்ள வச்ச பொருளைச் சுத்தி உடம்பு தானா ஒரு சவ்வு கட்டிக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். சில பேருக்கு அந்த சவ்வு தடிச்சு சுருங்கி இம்ப்ளான்ட்டை இறுக்க ஆரம்பிச்சிடும், கேப்சுலர் கான்ட்ராக்சர்னு பேரு, ரேடியேஷன் எடுத்தவங்களுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. இதுல கிரேட் 1ல இருந்து 4 வரை இருக்கு, 3ன்னா வடிவம் மாறினது பார்த்தாலே தெரியும், 4ன்னா வலியும் சேர்ந்துக்கும். அக்காவுக்கு அந்தப் பக்கம் கல்லு மாதிரி ஆகி மேல ஏறிடுச்சு, பழைய ஜாக்கெட் எதுவும் சேரல, ஒருக்களிச்சுப் படுக்க முடியாது, பையன் ஓடி வந்து கட்டிப்பிடிச்சா பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பா. கடைசில எல்லாத்தையும் எடுத்துட்டு வயித்து சதையை வச்சு சரி பண்ணாங்க. இதைப் போய் "இந்த வயசுல அழகு தேவையா"ன்னு சொந்தக்காரங்க கேட்டப்ப எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

அடுத்த காரணம் இம்ப்ளான்ட் உள்ளயே கிழியறது. உள்ள சலைன், அதாவது உப்புத்தண்ணி, அடைச்ச வகைன்னா சீக்கிரமே வத்திப்போய் தெரிஞ்சிடும். சிலிக்கான் ஜெல் கிழிஞ்சா பல நேரம் வலியும் இருக்காது வடிவமும் மாறாது, அதனால தான் அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற எஃப்டிஏ, ஒண்ணும் தொந்தரவு இல்லாட்டியும் வச்சு 5-6 வருஷத்துல ஒரு தடவை எம்ஆர்ஐ இல்ல அல்ட்ராசவுண்ட் எடுங்க, அப்புறம் 2-3 வருஷத்துக்கு ஒரு தடவை எடுங்கன்னு சொல்லுது. இடம் நகர்றது, தோல்ல மடிப்பு தெரியறது இதெல்லாமும் உண்டு.

சில சமயம் பொருளே கோளாறு. பிரான்ஸ்ல பிஐபி கம்பெனி மருத்துவத்துக்கே ஆகாத இண்டஸ்ட்ரியல் சிலிக்கானை அடைச்சு வித்தது 2010ல வெளிய வந்துச்சு, பல நாட்டுல பெண்கள் எடுத்துப்போட வேண்டியதாச்சு. 2019ல அலர்கன் கம்பெனி பயோசெல்னு மேல்பக்கம் சொரசொரப்பான வகை இம்ப்ளான்ட்டை உலகம் முழுக்க சந்தையில இருந்து திரும்ப எடுத்துக்கிச்சு, ஒரு வகை அரிய லிம்போமா கேன்சரோட தொடர்பு இருந்ததால. அது வச்சிருக்கவங்க, தொந்தரவு எதுவும் இல்லேன்னா, எடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, ஆனா வருஷக்கணக்கு கழிச்சு திடீர்னு ஒரு பக்கம் வீங்கினா உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க.

ஆபரேஷன் முடிஞ்சதும் தர்ற இம்ப்ளான்ட் கார்டை பத்திரமா வைங்க, கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எல்லாம் அதுல தான் இருக்கும்.